இருங்காட்டுக்கோட்டையைத் திட்ட எனக்கும் உரிமை உண்டு

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கைப் பற்றி எங்கள் பக்கத்துப் பையன்களிடம் பேச்செடுத்தால் இரண்டே கட்சிதான். ஒரு கட்சிக்கு அது கோயில். குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இன்னொரு கட்சி, "பழைய டிராக்குண்ணே, அங்க போய் எவன் சாவான்" என்று சொல்லும். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் ராத்திரி பத்து மணிக்கு மேல் நாலுவழிச் சாலையில் நூற்று முப்பதில் பறப்பவர்கள் என்பதுதான் வேடிக்கை. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. எனக்கு அந்த டிராக் பிடிக்கும், அதனாலேயே அதைத் திட்டவும் செய்வேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம். கிளப் 1953-ல் ஆரம்பித்தது, தடம் 1990-ல் திறந்தது. 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். அதற்கு முன்னால் சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில் வண்டி ஓட்டினார்கள். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் அதே மாதிரி விமானத் தளமாக இருந்து ரேஸ் டிராக் ஆனதுதான், அதனால் சோழவரத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பியட்டும் ஹெரால்டும் போட்டி போட்ட கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் ஆபீஸ் போகிற ரகத்து வண்டிகள்தான் அங்கே ரேஸ் ஓடின. அந்தக் காலத்து ஆட்களுக்கு இருங்காட்டுக்கோட்டையே "புது டிராக்"தான். எங்களுக்கு அது பழையது.

நரேன் கார்த்திகேயன் இங்கே ஓட்டியவர், 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். சென்னைப் பையன் சரத் குமார் 2011-ல் 125 சிசி பைக் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டினார். சரி, பெரிய பெயர்கள் இருக்கட்டும். என்னை மாதிரி ஆட்களின் கதை வேறு. எனக்குக் கும்பகோணத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. குட்டியானையில் வண்டியை ஏற்றிக் கட்டி, அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி வழியாகத் திண்டிவனம் போய், சிங்கபெருமாள்கோயிலில் திரும்பி ஒரகடம் வழியாக டிராக்குக்குப் போய்ச் சேர்கிற கூட்டம் நாங்கள். கோப்பை வாங்குகிறவர்கள் இல்லை. பின்னால் வேகமான ஆள் வருகிறான், வழிவிடு என்று காட்டுகிற நீலக் கொடியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம்.

அப்படியும் ஏன் போகிறோம்?

எங்கள் ஊர் ரோட்டைத் தெரிந்தால்தான் இது புரியும். டெல்டாவில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். ரோடெல்லாம் வாய்க்காலை ஒட்டிப் போகும். வாய்க்கால் வளைந்தால் ரோடும் வளையும், அந்த வளைவு எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாது. வளைவைத் தாண்டியதும் ஒரு மதகு, மதகுக்கு மேல் நாலு ஆடு, இல்லாவிட்டால் அறுவடை சீசனில் ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போட்ட நெல். நெல்லின் மேல் டயர் ஏறினால் என்ன ஆகும் என்று இங்கே பைக் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அதனால் இங்கே அப்பனும் சித்தப்பனும் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடம், "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்." நெல்லின் மேல் அது சரியான பாடம். நல்ல தாரின் மேல் அதே பாடம் ஆளைக் கொல்லும். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகிப் பிடிமானம் இழக்கிறது, முன் சக்கரம் தரையோடு அழுந்துகிறது. வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக்தான். இதை ஆயிரம் தடவை வாயால் சொன்னாலும் எங்கள் பையன்களின் விரல் நம்பாது. டிராக்கில் ஒரு மத்தியானம் ஓட்டினால் நம்பும். எதிரே லாரி வராது, ஆடு வராது, நேற்று இருந்த வளைவு இன்றும் அதே இடத்தில் இருக்கும். ஒரே திருப்பத்தில் திரும்பத் திரும்ப பிரேக் பிடிக்கலாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்க்கலாம். எங்களுக்கு டிராக் தருகிற பெரிய சுகம் இதுதான். வேகம் அதற்கு அப்புறம்.

அப்புறம் சி ஒன். அங்கே திருப்பங்களுக்குப் பெயர் கிடையாது, சி ஒன், சி டூ என்று எண்தான். நேர்பாதை முடிகிற இடத்தில் வருகிற வேகமான வலதுபுறத் திருப்பம் சி ஒன். நூற்றைம்பது சிசி வண்டிக்காரன் ஆக்சிலரேட்டரைக் குறைக்காமலே அதில் போகலாம். போகலாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த இடம் வந்ததும் வலது மணிக்கட்டு தானாகக் கொஞ்சம் பின்வாங்கும். இருங்காட்டுக்கோட்டை ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வியே "சி ஒன் ஃபுல்லா?" என்பதுதான். பெரிய வண்டிக்காரர்களுக்கு அது வேறு கணக்கு. அவர்கள் கட்டாயம் வேகம் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். பணக்கார வண்டி பிரேக் பிடிக்கிற இடத்தில் பழைய வண்டி பிடிக்காமல் போகிறது என்றால், எங்களுக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும்?

இதுவரை படித்துவிட்டு கோயில் கட்சிக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இனிமேல் வருவது அவர்களுக்கு.

அந்த டிராக் திறந்தபோது எங்கள் ஊர்க் கனவு வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். 11 குதிரைச் சக்தி, நூறைத் தொட்டால் பெரிய விஷயம். இன்று கல்லூரிப் பையன் ஓட்டுகிற ஆர் 15-லேயே 18 குதிரைச் சக்தி, அப்பாச்சி ஆர்ஆர் 310-ல் 38, ஆயிரம் சிசி வண்டிகளில் இருநூறு வரை. வண்டி இவ்வளவு வளர்ந்துவிட்டது. டிராக்கைச் சுற்றியுள்ள காலி இடம் அதே வேகத்தில் வளருமா? தார் புதிதாகப் போடலாம், திருப்பத்தின் ஓரத்தில் இருக்கிற மேட்டு விளிம்பான கெர்ப்பை மாற்றலாம், ஆனால் நிலத்துக்கு எங்கே போவது? சுற்றிலும் தொழிற்பேட்டை.

ஏன் இடம் முக்கியம் என்றால், விழுந்தவன் எவ்வளவு தூரம் வழுக்கிக்கொண்டு போவான் என்பதை வேகத்தின் வர்க்கம்தான் முடிவு செய்கிறது. பிளஸ் ஒன் பிசிக்ஸ்தான். உராய்வு எண்ணை 0.5 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவன் நிற்க 80 மீட்டர் போதும். 200-ல் விழுந்தவனுக்கு 300 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நாலு மடங்கு. நடுவில் சுவர் வந்தால் மீதிக் கணக்கை உடம்பு போட்டு முடிக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே டிராக்கில் காரும் ஓடுகிறது, பைக்கும் ஓடுகிறது. இரண்டுக்கும் தேவை வேறு வேறு. கார்க்காரன் டயர் அடுக்கில் போய் மோதினாலும் ரோல் கேஜ் என்கிற இரும்புக் கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பைக்காரனுக்கு அதே டயர் அடுக்கு கிட்டத்தட்ட சுவர்தான். அவனுக்கு வேண்டியது நீண்ட சரளைப் படுகை, காற்றடைத்த தடுப்பு. உயரமான கெர்ப்பில் ஏறிக் குதிப்பது கார்க்காரனுக்கு உற்சாகம், பைக்காரனை அது தூக்கி எறிந்துவிடும். இது அந்த ஒரு டிராக்கின் குறை இல்லை, உலகம் முழுக்க உள்ள பழைய தடங்களின் தலைவலி. ஆனால் தலைவலி இருக்கிறது என்றாவது ஒத்துக்கொள்ள வேண்டாமா? "பழைய டிராக் அப்படித்தான் இருக்கும், அதுலதான் கிக்கே" என்று நம் ஆட்கள் பேசும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

2023 ஜனவரியில் அங்கே கார் போட்டியில் 59 வயது மூத்த வீரர் கே.ஈ. குமார் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், புதுமுகங்களுக்கான பைக் போட்டியில், முதல் திருப்பத்தைத் தாண்டியதும் விழுந்து இறந்த பையனுக்கு வயது 13. அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மெழுகுவர்த்திப் படம் போட்டவர்கள் அதிகம், கேள்வி கேட்டவர்கள் குறைவு. 13 வயதுப் பையன் இருபது பேர் கூட்டத்துக்கு நடுவே முழு நீள டிராக்கில் ஓட்டத்தான் வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "அப்புறம் எப்படிண்ணே மார்க்கெஸ் உருவாவான்?" என்று, ஸ்பெயின் நாட்டு பைக் உலகச் சாம்பியனின் பெயரைச் சொல்லிப் பதில் வந்தது. உலக அளவில் 2021-ல் ஒரே ஆண்டில் மூன்று பதின்வயதுப் பையன்கள் பைக் போட்டியில் இறந்தார்கள். அதற்கு அப்புறம்தான் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டக் குறைந்தபட்ச வயதை 2023 முதல் 18 ஆக்கினார்கள். மார்க்கெஸ் பிறந்த ஐரோப்பாவே நின்று யோசித்த விஷயம் இது. சின்னப் பையன்கள் சின்ன வண்டியில், குட்டிக் கார் ஓட்டுகிற கோ-கார்ட் டிராக் அளவு இடத்தில் பழகட்டும். வேகம் குறைவாக இருந்தால் விழுந்தாலும் எழுந்து வரலாம், பாடமும் அதிகம் கிடைக்கும். என் பிள்ளையாக இருந்தால் அப்படித்தான் செய்வேன், எவன் கேலி செய்தாலும் சரி.

மற்ற குறைகளெல்லாம் சில்லறை. வெயில் தாங்காது. லெதர் சூட்டுக்குள் ஜூன் மாதம் என்பது தனி நரகம். சீசன் சூடு பிடிக்கிற நேரத்தில்தான் மேட்டூரைத் திறந்திருப்பார்கள், குறுவைக்கு ஊரில் எல்லா மோட்டாரும் ஓடும், பாதி எரிந்துபோய் என் கடைக்கு வரும். கடையைப் பூட்டிவிட்டு வண்டி ஓட்டப் போகிறேன் என்றால் வீட்டுக்காரம்மா பார்க்கிற பார்வை இருக்கிறதே, சி ஒன் தேவலாம். டயர், பெட்ரோல், குட்டியானை வாடகை எல்லாம் சேர்ந்தால் ஒரு மா நிலத்துக் குத்தகை அளவு ஆகும்.

சரி, நாலுவழிச் சாலைக் கட்சிக்கு வருகிறேன். 2025 ஜூலையில் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் பகுதியைத் திறந்தார்கள், ஐம்பது கிலோமீட்டர். நல்ல ரோடு, எங்களுக்கு ரொம்ப காலமாக வேண்டியிருந்த ரோடு. அதில் ராத்திரி ரேஸ் விடுகிறவன் என்னிடம் வந்து டிராக் ஆபத்து என்கிறான். தம்பி, டிராக்கில் நீ விழுந்தால் கொடி ஆட்ட மார்ஷல் நிற்கிறான், பின்னால் வருகிறவன் வேகத்தைக் குறைப்பான், ஆம்புலன்ஸ் உள்ளேயே நிற்கிறது. வண்டியையும் ஹெல்மெட்டையும் சோதித்த பிறகுதான் உள்ளேயே விடுவார்கள். பைபாஸில் நீ விழுந்தால் பின்னால் வருவது கரும்பு லாரி. டிராக்கின் குறையை நான் பேசலாம், டிராக்கிலேயே ஓட்டுகிறவன் பேசலாம். உனக்கு அந்த வாதம் பொருந்தாது.

திருக்கடையூர்ப் பக்கம் காணும் பொங்கலுக்கு மாட்டு வண்டிப் பந்தயமும் குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கிறதே, அதில் கூடச் சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு என்று பிரித்துத்தான் விடுகிறார்கள். சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு யாரும் விடுவதில்லை. இந்த அறிவு பரம்பரையாக இருக்கிற ஊருக்கு, திருச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பயிற்சித் தடம் கேட்பது பேராசை இல்லை. நஞ்சையைத் தொட வேண்டாம். வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் செம்மண் மேட்டு நிலம் நிறைய இருக்கிறது. சென்னையில் 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி நகர ரோட்டையே 3.5 கிலோமீட்டர் டிராக்காக்கி ராத்திரி ரேஸ் விட்டார்கள். நாங்கள் கேட்பது அதில் கால்வாசிக்கும் கொஞ்சம் கூட, அதுவும் பகலில் ஓட்ட.

அது வரும் வரைக்கும் இருங்காட்டுக்கோட்டைதான். அடுத்த தடவை போகும்போது குட்டியானையில் ஒரு வண்டிக்கு இடம் இருக்கிறது. வாடகையில் பங்கு தர வேண்டும், ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் சொந்தமாக வேண்டும், பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். பைபாஸ் பார்ட்டிகளும் இன்பாக்ஸுக்கு வரலாம், உங்களைத்தான் முதலில் ஏற்றுவேன். அந்த ஓட்டைச் சைலன்சரை மட்டும் கழற்றிவிட்டு வாருங்கள்.