மாமா பாக்காத எஸ்எம்எஸ்

போன கிழமை எங்கட வீட்டுக்குள்ள ஒரு சண்டை. சண்டை எண்டும் சொல்லேலாது, மாமா மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருந்தவர் அவ்வளவுதான், ஆனா எங்கட மாமா மூஞ்சையை நீட்டினா அது வெள்ளவத்தையில தொடங்கி தெஹிவளை பாலம் மட்டும் போகும். விஷயம் என்னெண்டா நியூஜெர்சில இருக்கிற சின்னம்மாவின்ட மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, தாய்மாமன் எண்டு நான் ஒருத்தன் இருக்கிறன், எனக்கு ஒரு சொல் சொல்லேல்ல, மேல் மாடி அன்ரி வந்து வாழ்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும் எண்டு மனுசன் ரெண்டு நாள் ஒழுங்கா சாப்பிடேல்ல.

எனக்கு நம்ப ஏலாம இருந்தது. அவள் அப்பிடிப்பட்ட பிள்ளை இல்ல. போனை தாங்கோ மாமா எண்டு வாங்கி, வட்ஸ்அப்பை விட்டிட்டு எஸ்எம்எஸ் பெட்டியை திறந்தன். ஐயோ, 1,100க்கு மேல வாசிக்காத மெசேஜ். கார்ட்டுக்கு 25 வீத கழிவு, பீட்சா ஒண்டு வாங்கினா ஒண்டு சும்மா, பாங்க் ஓடிபி, ஏதோ ஒரு டியூஷன் வகுப்பு, காணி விற்பனைக்கு. கீழ இழுத்து இழுத்துப் போனா சாரிக் கடை சேலுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில அது கிடக்கு: மாமா பேபி கேர்ள், ரெண்டு பேரும் சுகம், லவ் யூ. பிள்ளை பிறந்து நாலு மணித்தியாலத்தில அனுப்பியிருக்கிறாள், முதல்ல அனுப்பின ஆக்களில மாமாவும் ஒராள்!

மாமாவுக்கு எஸ்எம்எஸ் எண்டா அது குப்பைக்கூடை. அவளுக்கு மெசேஜ் எண்டாலே அதுதான். ரெண்டு பேரும் பிழை இல்ல. கனநாளா என்ட மண்டைக்குள்ள ஓடுற ஒரு விஷயம் இதைப் பாத்தாப்பிறகு நல்லா விளங்கினது, நாங்கள் ஆக்களின்ட குணம் எண்டு சொல்ற விஷயத்தில பாதி போன் கொம்பனி போட்ட பில். வெளிநாடு போன உடன தலைக்கனம் வந்திட்டுது, எடுத்தா எடுக்கிறதில்ல, இஞ்ச இருக்கிறவை மிஸ்கோல் மட்டும் குடுப்பினம் கஞ்சப் பிசினாறிகள் எண்டு ஆளுக்காள் சொல்றமே, அதையெல்லாம் ஒருக்கா பில்லை பக்கத்தில வச்சுப் பாருங்கோ.

அங்க எப்பிடி எண்டா மாசம் மாசம் ஒரு பிளான், அதுக்குள்ள எஸ்எம்எஸ் எவ்வளவும் அனுப்பலாம், அது கனகாலமா அப்பிடித்தான். அதுக்குமேல ஐபோன் வச்சிருக்கிறவைக்கு அதே பெட்டிக்குள்ளயே ஐமெசேஜும் போகும், நீலக் குமிழ் எண்டா ஐபோன்காரர், பச்சை எண்டா மற்ற ஆக்கள், பள்ளிக்கூடப் பிள்ளையள் பச்சைக்காரரை நக்கலடிக்கிற அளவுக்கு அங்க அது ஒரு சாதிப் பிரச்சினை மாதிரி. அப்ப அவளுக்கு வேற ஒரு அப் தேவைப்படவே இல்ல. எங்களுக்கு இஞ்ச ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் ரீலோட்டில காசு வெட்டுப்பட்டது, வெளிநாட்டுக்கு எண்டா இன்னும் கூட. ஆனபடியால எப்ப டேட்டாவில சும்மா அனுப்பலாம் எண்டு வந்ததோ, அப்பவே எல்லாரும் பாய்ஞ்சிட்டம்.

அதோட ஒரு விஷயம், கனபேருக்குத் தெரியாது. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள்ள இங்கிலீஷ் எழுத்தில 160 போடலாம், தமிழில அடிச்சா 70தான். அந்த 70லயும் கொம்பு, கால், புள்ளி, விசிறி எல்லாம் தனித்தனியா கணக்கு, 'கே' எண்டு ஒரு எழுத்து அடிச்சா ரெண்டு போயிடும். 'அம்மா நான் வந்து சேந்திட்டன், பஸ் கொஞ்சம் லேட், சாப்பிட்டிட்டன் யோசிக்காதேங்கோ' எண்டு தமிழில அடிச்சாலே ஒரு எஸ்எம்எஸ் பத்தாது, ரெண்டுக்குக் காசு. இதையே இங்கிலீஷ் எழுத்தில அடிச்சா ஒண்டுக்குள்ள அடங்கி மிச்சமும் இருக்கும். அந்தக் காலத்துப் போன் கனக்க தமிழைப் பெட்டி பெட்டியா காட்டினதும் உண்மைதான். பிறகு ஆராவது வந்து இளம் பிள்ளையளுக்கு மொழிப்பற்று இல்ல, தங்கிலீஷில அடிக்கினம் எண்டு மேடையில பேசினா எனக்கு சிரிப்பு வரும். பற்று இருந்தது ஐயா, பலன்ஸ்தான் இருக்கேல்ல.

மிஸ்கோலும் அப்பிடித்தான். ஒரு ரிங் எண்டா வந்து சேந்திட்டன், ரெண்டு ரிங் எண்டா கேட்டைத் திற. எங்கட வீட்டில மூண்டு ரிங்குக்கும் ஒரு அர்த்தம் இருந்தது, மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வா. 077ஆ 071ஆ எண்டு முன் இலக்கத்தைப் பாத்தே எந்த நெட்வேர்க் எண்டு தெரியும், ஒரே நெட்வேர்க்குக்குள்ள மலிவு, ஆனபடியால ஆளுக்கு ரெண்டு சிம். கலியாணம் பேசேக்க கூட பொடியன்ட நம்பர் என்ன 077ஓ எண்டு கேட்ட சனம் நாங்கள்.

சரி, இப்ப போனை ஒரே கொம்பனியின்ட சிம்முக்கு மட்டும் பூட்டி விக்கிற லொக் கதைக்கு வாறன், இதில எனக்கு சொந்த வயித்தெரிச்சல் இருக்கு.

2014ல கனடாவில ஸ்காபரோல இருந்து அண்ணா அம்மாவுக்கு ஒரு போன் குடுத்துவிட்டவர், ஒரு கலியாணத்துக்கு வந்த ஆக்களின்ட கையில. பெட்டியோட நல்ல அன்ட்ரொயிட் போன், இஞ்ச வாங்கினா அப்ப ஒரு லட்சத்துக்கு கிட்ட வரும் எண்டு எல்லாரும் சுத்தி நிண்டு பாத்தனாங்கள். அம்மாவின்ட சிம்மை போட்டா 'சிம் நெட்வேர்க் அன்லொக் பின்' எண்டு கேக்குது. அம்மா தன்ட பாங்க் கார்ட் பின்னை சொன்னவ, அது வேற கதை.

கொள்ளுப்பிட்டில ஒரு கடைக்குக் கொண்டு போனன். அந்தத் தம்பி போனைக் கையில எடுத்து ஸ்டார் ஹேஷ் சைபர் ஆறு ஹேஷ் அடிச்சு வந்த 15 இலக்கத்தையும், அதுதான் ஐஎம்இஐ எண்ட போனின்ட அடையாள இலக்கம், கொப்பியில எழுதினார். "அக்கா இது கெனடா லொக். கோட் எடுக்கணும். ரெண்டு நாள் போகும்." ரெண்டு நாள் ரெண்டு கிழமையாச்சு, காசும் குடுத்தாச்சு. கோட் ஒண்டு வந்தது, அடிச்சினம், பிழை. இன்னொண்டு, அதுவும் பிழை. எனக்கு அப்ப தெரியாது, கோட் அடிக்கிறதுக்கு குறிப்பிட்ட சில தரம்தான் சான்ஸ், அது முடிஞ்சா போன் நிரந்தரமா கதவைச் சாத்திப்போடும், பிறகு சரியான கோட்டைக் கொண்டு வந்தாலும் எடுக்காது. கடைசியில போனைத் திருப்பித் தந்து "சொரி அக்கா, இனி வைஃபைக்கு வச்சிக்கோங்க" எண்டார். காசு திரும்பி வரேல்ல.

அண்ணாவில எனக்கு அப்ப செம கோவம். லொக் பண்ணின போனை ஆரும் அனுப்புவினமோ, கேட்டுப் பாத்திட்டு அனுப்பியிருக்கலாமே எண்டு. பிறகுதான் விளங்கினது, அவருக்கே அது லொக் எண்டு தெரியாது. அங்க இருக்கிற ஒருத்தருக்கு அது தெரியவேண்டிய தேவையே வராது. போனை சும்மா தாறமாதிரித் தருவாங்கள், விலையை மாசா மாசம் பில்லுக்குள்ள வச்சு எடுப்பாங்கள், நீ நடுவில விட்டிட்டு மற்றக் கொம்பனிக்கு ஓடாம இருக்கத்தான் அந்தப் பூட்டு. கனடாவில முந்தி மூண்டு வருச கொன்ட்ராக்ட்தான் வழக்கம், 2013 டிசம்பரில வந்த விதியோடதான் ரெண்டு வருசம் முடிஞ்சா தண்டம் கட்டாம விலகலாம் எண்டு ஆனது. அடகு வச்ச நகையைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போறமாதிரி, பாக்கிற சனத்துக்கு மினுங்கும், ரசீது வேற ஆளிட்ட.

இஞ்ச நாங்கள் அப்பிடி இல்ல. சீட்டுப் பிடிச்சோ, நகையை வச்சோ, கிரடிட் கார்ட்டில தவணை போட்டோ எப்பிடியோ முழுக்காசையும் கடையில வச்சிட்டு போனை எடுத்துக்கொண்டு வாறம். எந்த சிம்மும் போடலாம், விடிய ஒண்டு பின்னேரம் ஒண்டு. ஏழைக்கு இருக்கிற ஒரு சுதந்திரம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோவன். அங்கத்த கொன்ட்ராக்ட் போன் கனக்க ஒரு சிம் ஓட்டையோடதான் வரும், எங்களுக்கு ரெண்டு ஓட்டை இல்லாட்டி அது போனே இல்ல.

இப்ப நிலைமை மாறியிருக்கு. கனடாவில 2017 டிசம்பர் 1ல இருந்து லொக் பண்ணாமத்தான் விக்கோணும், பழைய போனை திறந்து குடுக்கவும் காசு வாங்கக்கூடாது, முந்தி அதுக்கு 50 டொலர் வரைக்கும் வாங்கினவங்கள். யப்பானில 2021 ஒக்டோபரில நிப்பாட்டினம், பிரித்தானியாவில அதே வருசம் டிசம்பரில. அமெரிக்காவில 2014ல ஒரு சட்டம் வந்தது, ஆனா அது நீ பூட்டைத் திறந்தா குற்றமில்ல எண்டு சொல்ற சட்டம், கொம்பனி பூட்டி விக்கக்கூடாது எண்டு சொல்ற சட்டம் இல்ல, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2007ல முதல் ஐபோன் வந்தபோது ஏடி அண்ட் டி எண்ட போன் கொம்பனிக்கு மட்டும் பூட்டி வித்தாங்கள், ரெண்டு மாசத்துக்குள்ள ஜோர்ஜ் ஹொட்ஸ் எண்ட 17 வயசுப் பொடியன் வீட்டில இருந்து கிண்டி அதைத் திறந்து, திறந்த போனைக் குடுத்து ஒரு நிசான் காரும் மூண்டு புது ஐபோனும் வாங்கினவன். அவனும் நியூஜெர்சிதான். அந்த ஊர்த் தண்ணியில ஏதோ இருக்கு.

வெளிநாட்டில இருந்து போன் குடுத்துவிடப் போறவைக்கு ஒண்டு சொல்லோணும், ஏனெண்டா இன்னும் கனபேர் குழம்பினம். நெட்வேர்க் லொக் வேற, அது காசு கட்டி முடிச்சா கொம்பனியே திறந்து தரும். பில் கட்டாம விட்ட போன், களவு போன போன் எல்லாம் ஐஎம்இஐ கறுப்புப் பட்டியலுக்குப் போறது வேற, அந்தப் பட்டியலை நாடுகளுக்கு இடையில பகிர்ந்து கொள்ளுவினம், அதை வாங்கிக்கொண்டு வந்து இஞ்ச அழுது பிரயோசனமில்ல. பழைய சொந்தக்காரன்ட ஐகிளவுட் கணக்கு கழட்டாம வாறது இன்னொண்டு. ஐபோன் எண்டா செட்டிங்ஸில ஜெனரலுக்குள்ள அபவுட்டுக்குப் போங்கோ, கெரியர் லொக் எண்ட இடத்தில நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் எண்டு இருந்தா சரி. அமெரிக்காவில வாங்கின ஐபோன் 14ஓ அதுக்குப் பிறகு வந்ததோ எண்டா சிம் போட ஓட்டையே இருக்காது, போனுக்குள்ளயே இருக்கிற ஈசிம் மட்டும்தான், அம்மாமாருக்கு அதைக் குடுத்திட்டு பிறகு என்னட்ட வராதேங்கோ.

மெசேஜுக்குத் திரும்புவம். கொழும்பில வைபர் கொடிகட்டிப் பறந்த காலம் ஞாபகம் இருக்கோ? அதுக்கு முதல் எல்லாம் கொமினிகேஷன் கடைதானே, காலி வீதியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிண்டு மீட்டர் ஓடுறதைப் பாத்துக்கொண்டு, சுகமா சுகமா எண்டு கத்தினது. வைபரில சும்மா கதைக்கலாம் எண்டு வந்தவுடன அந்தக் கடையள் போட்டோகொப்பிக்கு மாறிச்சுது. பிறகு வட்ஸ்அப்பிலயும் 2015ல கோல் வந்தது, சனம் மெல்ல மெல்ல அங்க போச்சுது. 2018 மார்ச்சில திகன கலவரத்தோட அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் முடக்கினது, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் முடக்கினது, 2022 ஏப்ரலிலயும் முடக்கினது, ஆனா அது ஒரு நாள் கூட நிக்கேல்ல. எங்கட அம்மம்மா, முடக்கினதைச் சுத்திக்கொண்டு உள்ள போற விபிஎன் எண்ட சொல்லை சரியா உச்சரிக்கப் பழகினது அப்பதான். ஈஸ்டர் அண்டைக்கு எல்லாரும் பதறிப்போய் எடுக்கினம், அப் ஒண்டும் வேலை செய்யேல்ல, அண்ணா கனடாவில இருந்து எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறார். நாங்கள் அதைப் பாத்தது பின்னேரம். குப்பைக்கூடைக்குள்ள ஆர் கை வைப்பினம்.

டுபாயில இருக்கிற என்ட மச்சான்ட கதை இன்னும் விசேஷம். அங்க வட்ஸ்அப் கோல் போகாது, எழுதலாம், வொய்ஸ் அனுப்பலாம், கதைக்கோணும் எண்டா அனுமதி எடுத்த போட்டிம் மாதிரி அப்புக்குத்தான் போகோணும். அதால மனுசன் வொய்ஸ் மெசேஜ்தான், ஒவ்வொண்டும் ஆறு நிமிசம், ரேடியோ நாடகம் மாதிரி இருமலோட தொடங்கும். மச்சாள் முதல்ல நேர எடுத்துக் கதைக்க மனமில்ல எண்டு அழுதவ. இப்ப சமைக்கேக்க போட்டுவிட்டிட்டு பதில் சொல்லிக்கொண்டே தேங்காய் துருவுறா.

மாமாவுக்கு அந்த எஸ்எம்எஸ்ஸைக் காட்டினன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சார். ஒண்டும் கதைக்கேல்ல, பிறகு சாரிக் கடை மெசேஜை அழிக்கிறது எப்பிடி எண்டு கேட்டார். அழிச்சுக் காட்டினன், மிச்சம் ஆயிரத்துச் சொச்சத்தையும் தானே ஒவ்வொண்டா வாசிச்சு வாசிச்சு அழிக்கிறார், இன்னும் முடியேல்ல.

அந்த 2014 போனை அம்மா எறியேல்ல. சாமித்தட்டுக்குக் கீழ சார்ஜரில குத்தினபடி கிடக்கு, இண்டைக்கும் மேல நோ சேவிஸ் எண்டுதான் காட்டும். ஆனா விடிய 5 மணிக்கு அலாரம் அடிக்கும், அப்ப ஸ்காபரோல இரவு ஏழரை, அண்ணா வேலையால வந்து சாப்பிட்டு முடிக்கிற நேரம், அம்மா எழும்பி முகம் கழுவிப்போட்டு மற்றப் போனைக் கையில எடுத்துக்கொண்டு குந்துவா. நவம்பரில அங்க நேரம் மாறினா 6 மணிக்கு மாத்திவிடோணும், அது என்ட வேலை.