அவர்கள் என்ன படித்தார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

சில நாள்களாக எல்லோருடைய பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நண்பர்கள் பலர் கண்கலங்கியதாகவும், சேலத்து மண்ணுக்கே பெருமை என்றும் எழுதிப் பகிர்ந்திருப்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. கைத்திறனையும் கொஞ்சம் பொதுக்கல்வியையும் சேர்த்துக் கற்றுத்தரும் சமுதாயக் கல்லூரிகளில் சிறப்பாகத் தேர்ச்சி பெற்றவர்களைப் பாராட்டுவதற்காக நடந்த விழா அது. ஐந்து பேரை மேடையேற்றி, தங்கள் கல்விப் பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஐவரும் பேசினார்கள். ஆனால் அந்த ஐவரும் என்ன படித்தார்கள் என்பது மண்டபத்தில் இருந்தவர்களுக்கு இன்றுவரை தெரியாது, ஏனென்றால் அதை யாருமே கேட்கவில்லை.

சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணின் பேச்சை மட்டும் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி, ஏசி பழுதுபார்க்கும் படிப்பில் முதலிடம் பெற்றவர் அவர். "கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி வேக்யூம் போடாம விட்டா, பைப்புக்குள்ள இருக்கிற ஈரம்..." என்று அவர் தொடங்கியதும் தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, அப்பா காப்பித் தோட்டத்துல கூலிதானே, அந்தக் கஷ்டத்தைச் சொல்லு" என்றார். அந்தப் பெண் ஒரு கணம் விழித்துவிட்டு, சொல்லச் சொன்னதைச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வாழ்க்கையின் வளைவுகளாக மாற்றி ஒருவர் கவிதை வாசித்தார். நீங்கள் கண்கலங்கியது அந்த இடத்தில்தான்.

அந்தப் பெண் சொல்ல வந்தது என்னவென்று தெரியுமா? குழாய்க்குள் காற்றும் ஈரமும் மீந்திருந்தால், குளிரூட்டும் வாயு விரியும் குறுகிய துவாரத்தில் அந்த ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகவும் மாறி, நாளடைவில் காயிலையே தின்றுவிடும். அதனால்தான் நன்கு பயின்றவர்கள் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்கும் வேக்யூம் பம்பை இணைத்து, மீட்டரைப் பார்த்துக் காத்திருந்து, அதன் பிறகே கேஸ் ஏற்றுவார்கள். அவசரக்காரர்கள் அதைச் செய்யாமல் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். ஆறு மாதத்தில் உங்கள் ஏசி மறுபடியும் நிற்கும். பழைய பெட்டிகளில் இருக்கும் ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் உலகமெங்கும் படிப்படியாகக் கைவிடப்படுகிறது. அந்த இடத்துக்கு வரும் வாயுக்களில் ஒன்றான ஆர்-32 தீப்பற்றும் தன்மை உடையது என்பதால் அதைக் கையாளும் முறையும் வேறு. மண்டபத்தில் அன்று ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே அமர்ந்திருந்தவர்களுக்கு அது எப்படிக் கெடும் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம், அப்பாவின் கூலி எவ்வளவு என்று கேட்டோம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அவர்களுடைய வறுமையைக் கேட்காதீர்கள், படிப்பைக் கேளுங்கள். பொறியியல் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளையை மேடையில் ஏற்றினால் அவருடைய புராஜெக்ட் எதைப் பற்றியது என்று கேட்கிறீர்கள். அவருடைய அப்பா கடன் வாங்கியா கட்டணம் கட்டினார் என்று கேட்பதில்லை. பல வீடுகளில் வாங்கித்தான் கட்டியிருப்பார், அது வேறு விஷயம்.

"இத்தகைய கதைகள்தாம் மற்றவர்களுக்கு ஊக்கம் தரும்" என்று சிலர் இந்நேரம் பின்னூட்டத்துக்குத் தயாராகியிருப்பீர்கள். எனக்கும் அது தெரியும். மலையில் இருக்கும் இன்னொரு பெண் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, தானும் படிக்கலாம் என்று நினைக்கக்கூடும், நினைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெண் எதைப் படிப்பது, எத்தனை மாதம் படிப்பது, முடித்தால் என்ன வேலை தெரியும், கையில் என்ன கருவி இருக்கும் என்பதில் ஒன்றுகூட அந்தக் காணொளியில் இல்லை. அழுதால் கைதட்டுவார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது. இதற்குப் பெயர் ஊக்கம் என்றால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

"தொகுப்பாளர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்" என்கிறீர்கள். இருக்கலாம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

"உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று ஒருவர் நேற்றே உட்பெட்டியில் கேட்டுவிட்டார். நானும் சமுதாயக் கல்லூரியில் படித்தவள் என்பது என்னை நெடுநாளாக அறிந்தவர்களுக்குத் தெரியும். அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் தோற்று, மதிப்பெண் பட்டியலைப் பார்த்து முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்ட ஒரே இடத்தில் மருத்துவ ஆய்வகப் படிப்பை முடித்தேன். பாருங்கள், எனக்கே அந்தக் கதைதான் முதலில் வருகிறது. அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டீர்கள். ஆகவே படிப்பைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஆய்வகத்துக்கு வந்த ஒரு பெரியவருடைய இரத்தப் பரிசோதனை முடிவில் பொட்டாசியம் 9-ஐத் தாண்டியிருந்தது. வழக்கமான அளவு 3.5-இலிருந்து 5 வரைதான். 9 என்றால் இதயம் நின்றுவிடக்கூடிய அளவு. அவரோ வெளியே பெஞ்சில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கால்சியமும் நம்ப முடியாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததுமே, ஊதா மூடிக் குழாயின் மருந்து இந்த இரத்தத்தில் கலந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இரத்தம் உறையாமல் இருப்பதற்காக அந்தக் குழாயில் வைக்கப்படும் இடிடிஏ உப்பில் பொட்டாசியம் உண்டு, அது கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். குழாய்களில் இரத்தம் எடுக்கும் வரிசை மாறினாலோ, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரத்தத்தை ஊற்றினாலோ இப்படித்தான் வரும். மறுபடியும் முறைப்படி எடுத்துப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. முதல் முடிவு அப்படியே போயிருந்தால், ஒரு நோயும் இல்லாத மனிதருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்தை ஏற்றியிருப்பார்கள். குழாயின் வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டு அறைகளில் நடந்த ஒரு சமுதாயக் கல்லூரி. மேடையேற்றினால் நான் பேச விரும்புவது இதைத்தான், என் அப்பாவின் தறியைப் பற்றி அல்ல.

எங்கள் உறவில் ஒரு மாமா, கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது "ஏதோ லேப் கோர்ஸ் படிச்சிருக்கா" என்றுதான் சொல்வார். பந்தி முடிந்ததும் அதே மாமா என்னைத் தனியே அழைத்து, சட்டைப் பையிலிருந்து மூன்று மாதச் சர்க்கரைக்கான முடிவை எடுத்துக் காட்டி, "இது எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். நான் சொல்வேன். மறு கல்யாணத்தில் மறுபடியும் "ஏதோ லேப் கோர்ஸ்" ஆகிவிடுவேன்.

இந்த "ஏதோ" புதிதாக முளைத்த ஒன்றல்ல. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரியைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1995-இல். அடுத்த ஆண்டே சென்னையில் ஒன்று வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் பின்னர் இதற்கெனத் திட்டம் வகுத்து, நேரத்தில் பெரும்பகுதி கைத்திறனுக்கும் மீதி பொதுக்கல்விக்கும் என்று நெறிமுறை போட்டது. ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இன்று சேலம் ஐந்து சாலைச் சந்திப்பில் நின்று பத்துப் பேரைக் கேட்டால், எட்டுப் பேர் அதை டியூஷன் சென்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனின் பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் மட்டும் அது கெட்டிக்காரத்தனம் ஆகிவிடுகிறது. இரண்டு ஆண்டு செலவு குறைவு, பிறகு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அது உண்மையும்கூட, 1901-இல் ஜோலியட் நகரில் தொடங்கிய வழி அது. விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணான ஐலீன் காலின்ஸ், கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் படித்துத்தான் மேலே போனார். 1999-இல் அவர் தலைமையில் சென்ற கொலம்பியா ஓடம்தான், நம் வானியற்பியல் அறிஞர் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கியை விண்ணில் விட்டது. காலின்ஸின் குடும்பமும் வசதியானது அல்ல. ஆனால் ஓடத்தை எப்படிச் செலுத்தினீர்கள் என்று அவரிடம் கேட்பார்களே தவிர, சின்ன வயதில் பசித்ததா என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள்.

உடனே "ஏசி மெக்கானிக்கையும் விண்வெளி வீரரையும் ஒப்பிடுகிறாயா?" என்று வராதீர்கள். ஒப்பிடவில்லை. கேட்கப்படும் கேள்வியைத்தான் ஒப்பிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் உண்மையில் உறுத்துவது. அந்த ஐவருக்கும் கேடயமும் சால்வையும் கிடைத்தன. அவர்கள் நாளை வேலைக்கு விண்ணப்பித்தால், கல்வித் தகுதி என்ற கட்டத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, ஐடிஐ, பாலிடெக்னிக், பட்டம் என்று வரிசையாக இருக்கும். அதன் கீழே "மற்றவை" இருக்கும். இவர்கள் "மற்றவை". நான் ஆண்டுக்கணக்கில் "மற்றவை"யாக இருந்தவள். ஒரு நேர்காணலில் என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செல்லுமா?" என்று கேட்டார்கள். கள்ள நோட்டோ என்று ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள். வேலை கொடுத்தார்கள், பட்டம் படித்து வந்த பெண்ணுக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு. அந்தப் பெண்ணுக்கு நரம்பில் ஊசி போட்டு இரத்தம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அன்று மேடையில் அமர்ந்திருந்த விருந்தினர்களில் மருத்துவமனை நடத்துபவர் உண்டு, நூற்பாலை நடத்துபவர் உண்டு, ஏற்காட்டில் தங்கும் விடுதி வைத்திருப்பவரும் உண்டு. மூவருமே இந்த முகநூலில் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறீர்கள், காணொளியையும் பகிர்ந்திருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் சமுதாயக் கல்லூரி என்று ஒரு வரி இருக்கிறதா? அந்த ஏசி படித்த பெண் நாளைக் காலை உங்கள் விடுதிக்கு வந்தால் மாதம் என்ன சம்பளம் தருவீர்கள்? கீழே எழுதுங்கள். இதயக் குறியை மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.