கட்டையைத் தடிப்பாக்கினால் மட்டும் போதாது

மரக்கூரை பற்றிய உங்கள் கட்டுரை, சுவர்களுக்கு இடையிலான அகலம் எவ்வளவு கூடினாலும் கைமரத்தை (முகட்டிலிருந்து சுவருக்குச் சாய்வாக இறங்கும் கட்டையை) தடிப்பாக்கினால் சரி என்கிறது. இதை ஏற்க முடியவில்லை. சீரான பாரத்தில் அகலம் இரண்டு மடங்கானால் அதே கட்டை 16 மடங்கு தொய்யும். தவிர, கீழே இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாத கைமரங்கள் சுவரை வெளியே தள்ளும். அப்படி ஒரு கூரையைப் பிரித்தபோது பார்த்தேன்: சுவரின் தலைப்பகுதி சாய்ந்து, முகட்டு இணைப்பில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

சுமார் 3.5 மீட்டர் வரை வெறும் கைமர ஜோடி தாங்கும். 5 மீட்டர் வரை இரு கைமரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கு மேல் ட்ரஸ்தான், அதாவது கட்டைகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகம்: 8, 9 மீட்டர் வரை நடுவில் ஒரு கால் உள்ள கிங் போஸ்ட், அப்புறம் 12 வரை இரண்டு கால் உள்ள குயின் போஸ்ட்.

கிங் போஸ்டில் பலர் தவறுவது ஓரிடத்தில். நடுக்கால், கைமரங்களின் அடிகளை இணைக்கும் கீழ் உத்தரத்தின் மேல் நிற்கும் தூண் அல்ல, உத்தரத்தைத் தூக்கிப் பிடிக்கும் தொங்கல். அந்த இணைப்பில் இரும்புப் பட்டை போடாமல் விட்டால், காலப்போக்கில் உத்தரம் நடுவில் தொய்ந்து இறங்கிவிடும். கட்டுரையில் இதையும் சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து.