கூட்டிச் சொல்பவரை யார் திருத்துவது?

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு கலந்துரையாடலில் ஒரு பேச்சாளர் சொன்னதற்குக் கைதட்டல் கிடைத்தது. பெண்கள் தங்கள் அறிவைத் தாங்களே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்வே சொல்கிறதாம். ஆகவே அவர்கள்தான் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ள வேண்டுமாம். ஆய்வு உண்மைதான். அவர் அதில் பாதியைத்தான் சொன்னார்.

1992இல் உளவியலாளர் ஹல்லா பெலாஃப் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மாணவர்களிடம் அவரவர் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, எவ்வளவு இருக்கும் என்று கேட்டபோது, ஆண்கள் சொன்ன எண் பெண்கள் சொன்னதைவிடச் சராசரியாகச் சுமார் 6 புள்ளி கூடுதலாக இருந்தது. பெற்றோரின் ஐக்யூவை மதிப்பிடும்போதும் அம்மாவைவிட அப்பாவுக்குத்தான் அவர்கள் அதிகம் போட்டார்கள். 2009இல் வெளிவந்த, மலேசியா, துருக்கி உள்ளிட்ட 12 நாடுகளின் ஆய்விலும் பொது அறிவாற்றலில் ஆண்கள் தங்களுக்குக் கூடுதலாகவே போட்டுக்கொண்டார்கள். ஆனால் முறையான ஐக்யூ தேர்வுகளின் மொத்தச் சராசரியில் இரு பாலாருக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. தேர்வு முடிவு ஒன்றாக இருக்க, சுய மதிப்பீடு மட்டும் பிரிகிறது என்றால், பிசகு பெண்கள் பக்கம் மட்டுமே என்று முடிவு செய்தது யார்? இத்துறையில் இதற்கு வழங்கும் பெயரே 'ஆண் செருக்கு, பெண் பணிவு' என்பதுதான். பணிவைப் போக்கப் பயிலரங்கு நடத்துகிறோம். செருக்கைக் குறைக்க ஒரு தேநீர்க் கூட்டம்கூட நடந்ததாகத் தெரியவில்லை.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் ஒரு பயிற்சிக்கு ஆள் அனுப்புவதற்காக, அவரவர் திறமைக்கு அவரவரே பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். நான் 7 போட்டேன். மாதக் கடைசியில் சஸ்பென்ஸ் கணக்கு (எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கு) நேராகாமல் வவுச்சர் கட்டோடு என் மேசைக்கு வந்து நிற்கும் சக ஊழியர் 9 போட்டார். பயிற்சிக்கு அவர்தான் போனார். கேட்டதற்கு, "நீங்களே ஏழுதானே மேடம் போட்டிருக்கிறீர்கள்" என்று மேலாளர் சிரித்தார். அந்த 9ஐ ஒருவரும் சரிபார்க்கவில்லை.

"எல்லா ஆண்களும் அப்படியா?" என்று வருவீர்கள். நான் சராசரியைப் பற்றிப் பேசுகிறேன், உங்களைப் பற்றி அல்ல. "தன்னம்பிக்கை குற்றமா?" என்றால், இல்லை, அளவுக்கு மீறியதைச் சரிபார்க்காமல் பதவிக்குத் தகுதியாக எடுத்துக்கொள்வதுதான் குற்றம். "உருவங்களை மனத்தில் சுழற்றிப் பார்க்கும் தேர்வில் ஆண்கள்தானே முந்துகிறார்கள்?" ஆமாம். சொல்வளம் சார்ந்த சில தேர்வுகளில் பெண்கள் முந்துவதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பெண்கள் தாங்களாகவே இப்படி இருக்கிறார்கள் என்று சொல்வதுதான் எனக்கு ஆறவே இல்லை. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மிக மிகப் புத்திசாலி என்று 5 வயதுச் சிறுமிகள் தங்கள் பாலினத்தாரைப் பையன்களைப் போலவே தயங்காமல் சுட்டினார்கள். 6, 7 வயதுச் சிறுமிகளிடம் அது குறைந்துவிட்டது. ஒரே வருடத்தில் மூளையா தேய்ந்துவிட்டது?

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? தமிழ்நாட்டின் 2025 பிளஸ் டூ தேர்வில் மாணவியர் 96.70 சதவீதம், மாணவர் 93.16 சதவீதம் தேர்ச்சி பெற்றார்கள்; பல ஆண்டுகளாகவே மாணவியர்தான் முன்னால் நிற்கிறார்கள். ஆனாலும் பெண் மனப்பாடம் செய்து வாங்கினாள் என்கிறோம். பையனுக்கு நல்ல மூளை, உட்கார்ந்துதான் படிக்கவில்லை என்கிறோம். மனப்பாடம் அவ்வளவு எளிது என்றால் பையனும் செய்திருக்கலாமே, யார் தடுத்தார்கள்?