பந்தை இழந்த பின் நம் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள்?

பெப்ரவரி பிறந்துவிட்டால் போதும், மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் (ஏஎஃப்எல்) அணியான எசெண்டனின் ரசிகர்கள் இருவர் சந்திக்கிற இடமெல்லாம் பட்டிமன்ற மேடையாகிவிடுகிறது. யாரை ஃபார்வர்டில் நிறுத்துவது, யாரை மிட்ஃபீல்டுக்கு மாற்றுவது, டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) வந்த பையன்களில் எவனை முதல் சுற்றிலேயே இறக்குவது என்று ரயிலில் பேசுகிறோம், பார்பிக்யூ அடுப்பைச் சுற்றி நின்று பேசுகிறோம். நானும் பேசுகிறவன்தான். ஆனால் இந்தப் பேச்சில் எனக்குப் பல ஆண்டுகளாக ஒரு மனக்குறை உண்டு. பந்து நம் கையில் இருக்கும்போது என்னென்ன செய்யலாம் என்பதைப் பற்றியே எல்லோரும் விவாதிக்கிறோம். பந்து கைவிட்டுப் போன அடுத்த ஐந்து விநாடிகளில் நம் பதினெட்டுப் பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பவர் மிகச் சிலர். நம் அணியின் இருபது ஆண்டுத் துயரத்துக்கு விடை அந்த ஐந்து விநாடிகளில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

இருபது ஆண்டு என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எசெண்டன் கடைசியாக ஒரு ஃபைனல்ஸ் ஆட்டத்தை, அதாவது லீக் சுற்றுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களில் ஒன்றை, வென்றது 2004 செப்டம்பரில், மெல்பர்ன் அணிக்கு எதிராக. நான் இந்நகரில் காலடி வைத்தது 2005-இல். என் ராசிதான் இதற்கெல்லாம் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. 2009-இல் அடிலெய்டிடம், 2011-இல் கார்ல்டனிடம், 2014-இல் நார்த் மெல்பர்னிடம், 2017-இல் சிட்னியிடம், 2019-இல் வெஸ்ட் கோஸ்டிடம், 2021-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம் என்று ஆறு முறை, தோற்றால் வெளியேற வேண்டிய எலிமினேஷன் ஃபைனல் வரை போய், ஆறு முறையும் தோற்றுத் திரும்பினோம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். கெவின் ஷீடி பயிற்சியாளராக இருந்து வென்ற 1984, 1985, 1993, 2000 ஆகிய நான்கு பிரீமியர்ஷிப்களையும் (சாம்பியன் பட்டங்களையும்) எம்சிஜி மைதானத்தில் நேரில் பார்த்த கண்கள் அவருடையவை. வேலிக்கு மேலாக எலுமிச்சம்பழம் நீட்டும்போதே வாதத்தைத் தொடங்கிவிடுவார். அவருடைய கட்சி எளிமையானது: கோல் போட ஆள் வேண்டும், நேட் கேடிக்கு உடம்பு இறுகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். கேடி மேல் எனக்கும் ஆசை உண்டு. 2023 டிராஃப்டில் வந்தபோதே அவன் துள்ளி எழுந்து மார்க் (உதைத்த பந்தை அந்தரத்திலேயே பிடிப்பது) பிடிக்கிற விதத்தைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் ஒரு ஃபார்வர்டால் தீர்கிற நோய் இது இல்லை.

பெரியவரின் இன்னொரு நம்பிக்கை, ப்ரீசீசன் ஆட்டங்களில் வென்றால் அது நல்ல சகுனம் என்பது. 1984, 1993, 2000 மூன்று ஆண்டுகளிலும் எசெண்டன் பருவம் தொடங்கும் முன்போ இரவு நேரத் தொடரிலோ கோப்பை வென்று, செப்டம்பரில் பிரீமியர்ஷிப்பையும் வென்றது என்று விரல் மடக்கிக் கணக்குச் சொல்வார். சரிதான். ஆனால் 2005-இல் ப்ரீசீசன் கோப்பையை வென்ற கார்ல்டன் அதே ஆண்டு புள்ளிப்பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தது. 2007-இல் மறுபடியும் அதே கோப்பையை வென்றுவிட்டுப் பதினாறு அணிகளில் பதினைந்தாவதாக வந்தது. அந்தக் கோப்பையையே 2013-உடன் நிறுத்திவிட்டார்கள். இன்றைய பயிற்சி ஆட்டங்களில் பயிற்சியாளர்கள் பாதிச் சீட்டை மறைத்துக்கொண்டுதான் விளையாடுகிறார்கள். முக்கியமான வீரனை மூன்றாம் குவார்ட்டரில் வெளியே எடுத்து ஐஸ்கட்டி வைத்து உட்கார வைக்கிறார்கள். அந்த ஸ்கோரை வைத்துச் சண்டை போடுவது நம் நேரத்துக்குக் கேடு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது. எம்சிஜி ஏறத்தாழ 160 மீட்டர் நீளமும் 141 மீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டம். அவ்வளவு பெரிய வெளியில் முப்பத்தாறு பேர் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்றால், நாம் தாக்குவதற்காக முன்னேறி ஓடிய ஒவ்வோர் ஆளும் தன் பின்னால் ஒரு காலி இடத்தை விட்டுவிட்டுத்தான் ஓடுகிறான். பந்து கைமாறிய கணத்தில் அந்தக் காலி இடம் எதிரணியின் சொத்தாகிவிடுகிறது. இன்றைய ஆட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் டர்ன்ஓவரிலிருந்துதான், அதாவது எதிரியிடம் பறித்த பந்திலிருந்துதான், வருகின்றன. சென்டரில் பந்தைத் தட்ட ரக் வீரர்கள் எனும் நெட்டையர்கள் குதிப்பது கண்ணுக்கு அழகு. ஆட்டம் முடிவாவது வேறிடத்தில்.

இதை முதலில் நாடறியச் செய்தவர் பயிற்சியாளர் அலஸ்டர் கிளார்க்சன். 2008-இல் ஜீலாங் அணி லீக் சுற்றில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் தோற்றிருந்தது; ஆளுக்கு ஓர் ஆள் காவல் போட்டு அவர்களை நிறுத்த முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். கிளார்க்சன் தம் ஹாதார்ன் வீரர்களை ஆளைக் காக்கச் சொல்லாமல் இடத்தைக் காக்கச் சொன்னார். பந்து நகர நகர, வலையை இழுத்துக்கொண்டு போவதுபோல மொத்தக் கூட்டமும் சேர்ந்து நகரும். இறுதியாட்டமான கிராண்ட் ஃபைனலில் ஜீலாங் 26 புள்ளிகளில் தோற்றது. அந்த வலையை எதிரியின் வாசல்வரை கொண்டுபோய் விரித்தது 2010-இல் பயிற்சியாளர் மிக் மால்ட்ஹவுஸின் காலிங்வுட்.

2017-இன் ரிச்மண்டை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆண்டு பெப்ரவரியில் அவர்களைப் பொருட்படுத்தியவர் எவருமில்லை. முந்தைய ஆண்டு பதின்மூன்றாம் இடம். பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக் வேலையே போய்விடும் என்ற நிலை. அவர்களிடம் ஜாக் ரீவோல்ட் தவிர வேறு உயரமான ஃபார்வர்டு நிலைக்கவில்லை. நம்மூர்ப் பேச்சுப்படி அது பெரிய ஓட்டை. ஹார்ட்விக் அந்த ஓட்டையில் டேனியல் ரியோலி, ஜேசன் காஸ்டாக்னா, டான் பட்லர் போன்ற குட்டையான, நிற்காமல் ஓடுகிற பையன்களை நிரப்பினார். பந்து தரையில் விழுந்தால் அவர்கள் ஈசல்போல மொய்த்துக்கொள்வார்கள். எதிரணியின் பின்கள வீரன் நிமிர்ந்து பார்த்து உதைக்க ஒரு விநாடி கிடைக்காது. அவன் அவசரத்தில் உதைத்த பந்து நேரே ரிச்மண்டின் தற்காப்பு வீரர் கைகளில் போய் விழும். அந்த ஆண்டு டஸ்டின் மார்ட்டினின் புகழ் வானளாவ இருந்தது உண்மை, லீக் சுற்றின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமும் கிராண்ட் ஃபைனலின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கமும் அவருக்கே கிடைத்தன. ஆனால் ரிச்மண்டின் 37 ஆண்டுக் கோப்பை வறட்சியை முடித்ததில் பந்து இல்லாதபோது ஓடியவர்களுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. 2021-இல் பதினேழாவதாக வந்த காலிங்வுட், பயிற்சியாளர் கிரெய்க் மெக்ரேயின் முதல் ஆண்டிலேயே நான்காம் இடத்துக்கு ஏறி, 2023-இல் பிரிஸ்பேனை நான்கே புள்ளிகளில் வென்று கோப்பையைத் தூக்கியதும், 2024-இல் பதினைந்தாவதாக இருந்த அடிலெய்டு 2025-இல் பட்டியலின் உச்சிக்குப் போனதும் (பிறகு ஃபைனல்ஸில் இரண்டு ஆட்டத்தையும் தோற்றது வேறு கதை) கோடைக்கால ஆரூடங்களின் மதிப்பு என்ன என்பதைச் சொல்லும்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எசெண்டன் மோசமாகத் தொடங்கி மோசமாக முடிக்கிற அணியில்லை. நன்றாகத் தொடங்கிச் சரிகிற அணி. 2012-இல் முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்று, கடைசியில் 11 வெற்றி 11 தோல்வி என்று நின்றோம். 2024-இல் முதல் பதினொன்றில் எட்டு வெற்றி, ஆன்சாக் நாளில் (ஏப்ரல் 25, போர் வீரர் நினைவு நாள்) காலிங்வுட்டுடன் ஒரு சமநிலை. ஆண்டு முடிவில் பதினொன்றாம் இடம். 2025-இல் முதல் பத்தில் ஆறு வெற்றி, அதன்பின் தொடர்ந்து பதின்மூன்று தோல்விகள். தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து விவகாரத்தில் வீரர்கள் ஓராண்டு விலக்கப்பட்டு அணி கடைசி இடத்துக்குப் போன 2016-ஐ இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் சித்திரம் மாறவில்லை.

2025-இன் சரிவுக்குக் காயங்கள்தான் காரணம் என்பார்கள். முழங்கால் தசைநார் கிழிந்து படுத்தவர்களையும், ஒரே பருவத்தில் பத்துக்கும் மேற்பட்ட புதுமுகங்களை இறக்க நேர்ந்த அவலத்தையும் நான் மறக்கவில்லை. அந்தப் பருவத்தின் பயிற்சியாளர் பிராட் ஸ்காட் மேல் அந்தத் தோல்விகளை முழுவதுமாகச் சுமத்துவதும் அநியாயம். ஆனால் 2024-இல் இந்த அளவுக்குக் காயம் இல்லையே? 2023-இல் கடைசிக்கு முந்தைய சுற்றில் ஜிடபிள்யூஎஸ் அணியிடம் 126 புள்ளிகளில் தோற்றோமே, அன்று என்ன நடந்தது? களைப்பு வரும்போது முதலில் உதிர்வது பந்து இல்லாத ஓட்டம்தான். பந்தை நோக்கி ஓடுவதற்கு உடம்பு தானாகவே இணங்கும். பந்தைப் பறிகொடுத்துவிட்டு எழுபது மீட்டர் திரும்பி ஓடுவதற்குத்தான் மனத்தைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது.

இதை நான் எசெண்டனின் டல்லமரீன் பயிற்சித் திடலில் ஒரு வெயில் காலையில் கண்ணாரப் பார்த்தேன். விமான நிலையம் அருகில் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. கம்பி வேலியோரம் நாங்கள் இருபது முப்பது பேர், ஈக்களை விரட்டியபடி நின்றோம். ஒரு குழு பந்தை அரைப் பின்களத்திலிருந்து கைமாற்றிக் கைமாற்றி முன்னே கொண்டுபோகும். பாதி வழியில் பயிற்சியாளர் விசிலடித்து, கையிலிருக்கும் வேறொரு பந்தை எதிர்க்குழுவிடம் வீசிவிடுவார். அந்தக் கணத்தில் முன்னேறிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி வலை விரிக்க வேண்டும். முதல் நான்கைந்து முறை அழகாகத் திரும்பினார்கள். பத்தாவது முறை வந்தபோது, வயதில் மூத்த ஓர் ஆட்டக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பந்து போகிற திசையைப் பார்த்தார். அவர் விட்ட இடைவெளியில் எதிர்க்குழு மூன்றே ஹேண்ட்பாலில் (பந்தைக் கையால் குத்தி அனுப்புவது) ஐம்பது மீட்டரைக் கடந்தது. பின்னாலிருந்து மெலிந்த பையன் ஒருவன் தொண்டை கிழிய ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, விரலால் இடத்தைக் காட்டிக் கத்திக்கொண்டே ஓடிவந்தான். வேலியோரம் நின்ற எங்கள் கூட்டம், அதே நேரத்தில் அடுத்த முனையில் கேடி பயிற்சிக்காக அடித்த ஐம்பது மீட்டர் கோலுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

இந்த 2026 பருவத்தில் வருகிற விதி மாற்றங்கள் என் கவலையைக் கூட்டுகின்றன. நடுவர் நடுக்களத்தில் பந்தைத் தரையில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டர் பவுன்ஸ் போய்விட்டது, இனி அவர் பந்தை மேலே எறிவார். பழைய ரசிகர்களுக்கு அது மனவருத்தம், ஆட்டத்துக்குப் பெரிய சேதமில்லை. கவனிக்க வேண்டியது மற்றொன்று. இரு கோல்களிலிருந்தும் ஐம்பது மீட்டரில் வரைந்த வளைவுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு வீரன் உதைத்தோ கையால் அடித்தோ விட்ட பந்து யாரும் தொடாமல் எல்லைக் கோட்டைத் தாண்டினால், எதிரணிக்கு ஃப்ரீ கிக். தெற்கு ஆஸ்திரேலிய லீக்கில் இது 2016 முதல் பழகிய விதி. நம் அணிக்கு நெருக்கடி வந்தால் ஒரே மருந்து, எல்லைக் கோட்டை ஒட்டி நீளமாக ஓர் உதை. பந்து வெளியே போனால் மூச்சுவிட அவகாசம், த்ரோ-இன் வருவதற்குள் எல்லோரும் இடத்துக்கு வந்துவிடலாம். அந்த அவகாசம் இனி இல்லை. பந்து வெளியே போனதுமே எதிரணி அதை எடுத்து அகலமான நடுக்களத்துக்குள் உதைத்துவிடும். திரும்பி ஓடத் தயங்குகிற அணிக்கு இதைவிடக் கொடிய விதியை ஒருவர் யோசித்துக்கூட எழுத முடியாது.

சாக் மெரட் விவகாரத்தைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டதால் ஒரு வரி போதும். கேப்டனாக இருந்தவர் ஹாதார்னுக்குப் போகக் கேட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, கழகம் விட மறுத்ததில் தவறில்லை, முதல் ஆட்டத்தில் அவரைப் பார்த்துக் கூச்சலிடப் போகிறவர்கள் அவர் எத்தனை தடவை திரும்பி ஓடுகிறார் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கூச்சலிடட்டும்.

இந்த ஆண்டு எத்தனை வெற்றி என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: எட்டு வந்தால் மகிழ்வேன், ஆறு வந்தால் அழமாட்டேன். பத்தாம் இடம் வரைக்கும் செப்டம்பர் ஆட்டத்துக்கு வழி திறந்துவிட்டதே, நமக்கும் ஒரு கதவு இருக்கிறதே என்று பெரியவர் ஆசை காட்டுகிறார். பதினைந்தாம் இடத்திலிருந்து எழுகிற, இருபது இருபத்தோரு வயதுப் பிள்ளைகள் நிறைந்த அணியிடம் அதை எதிர்பார்ப்பது பச்சைக் காயைத் தடியால் அடித்துப் பழுக்க வைப்பது போல. ஜூலையில், குளிரும் சேறும் உடம்பைத் தின்கிற நாளில், நாற்பது புள்ளிகள் பின்தங்கியிருக்கும் நான்காம் குவார்ட்டரிலும் அந்த வலை கிழியாமல் நகர்கிறதா என்பதே என் கேள்வி. பின்களத்தில் ஜோர்டன் ரிட்லியும் பென் மெக்கேயும் தனியாக நின்று குறுக்கே பாய்ந்து மார்க் பிடித்துக் காப்பாற்றுகிற ஆட்டத்தை நாம் போதுமான அளவு பார்த்தாயிற்று.

வருகிற பயிற்சி ஆட்டத்துக்குப் பெரியவர் வழக்கம்போல மைதானத்தின் நடுப்பகுதியில், கோட்டுக்கு அருகில் இருக்கை எடுத்திருக்கிறார்; அங்கிருந்து பார்த்தால் முகங்கள் தெரியும், தொலைக்காட்சியில் பார்ப்பதுபோலப் பந்தும் தெரியும். நான் கோல் கம்பங்களுக்குப் பின்னால் மேல் அடுக்கில் எடுத்திருக்கிறேன். பந்து எங்கே இருக்கிறது என்று அங்கிருந்து பல நேரம் தெரியாது, பதினெட்டுப் பேரும் தெரிவார்கள். முதல் பாதியில் எத்தனை முறை யாராவது இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள் என்று எண்ணி, இடைவேளையில் அவருக்குத் தொலைபேசியில் சொல்வதாக ஒப்பந்தம். அவர் கோல்களின் எண்ணிக்கையைச் சொல்வார்.