அந்தப் படிவத்தை விட்டுவிட்டீர்களே

பாலியல் தொழில் விளம்பரங்களுக்குப் பேர்போன, 2018 ஏப்ரலில் எஃப்.பி.ஐ. முடக்கிய அமெரிக்க வரி விளம்பரத் தளமான பேக்பேஜை ‘எளிமையான வடிவமைப்புக்கு உதாரணம்’ என்று உங்கள் கட்டுரையில் பாராட்டியிருக்கிறீர்கள். ஊரைத் தேர்ந்தெடு, பிரிவைத் தேர்ந்தெடு, நீல இணைப்பைச் சொடுக்கு. சரி, அதுவரை ஒப்புக்கொள்கிறேன். (அதுவும் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இன்னொரு வரி விளம்பரத் தளத்தைப் பார்த்து அடித்ததுதான்.) காசு கொடுத்தால் விளம்பரம் பட்டியலில் மேலே ஏறிவிடும் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

எனக்கு உறுத்துவது விளம்பரம் போடும் படிவம். பேக்பேஜைப் பற்றி 2017 ஜனவரியில் வந்த அமெரிக்க செனட் துணைக்குழு அறிக்கையைப் படித்துப் பாருங்கள். வயதை 18க்குக் கீழே போட்டால், ‘மன்னிக்கவும், 18 வயது தாண்டியிருக்க வேண்டும்’ என்ற பாணியில் ஒரு செய்தி வரும். அவ்வளவுதான். எண்ணை மாற்றிப் போட்டால் உள்ளே விட்டுவிடும்! பின்கோடில் ஓர் இலக்கம் குறைந்தால் வங்கிப் படிவம் சொல்லுமே, அந்த மாதிரி. விளம்பரத்தில் இருப்பவர் சிறுமி என்று காட்டிக்கொடுக்கும் சொற்களை மென்பொருளே சத்தமில்லாமல் உருவிவிட்டு, மிச்சத்தைப் பிரசுரித்தது. பயனர் தன் பிழையைத் திருத்திக்கொள்ள உதவ வேண்டும் என்பது வடிவமைப்பில் பாலபாடம். இங்கே அந்த உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது? எழுத்துரு, நிறம் பற்றியெல்லாம் விரிவாக எழுதியவர் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லையே.