கொல்லிமலை இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

"இறக்கத்தில் பைக்கை நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம், இன்ஜினுக்கும் ஓய்வு" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முதல்முறை குழுவோடு கொல்லிமலை போகிறவர்களும் இதைப் படிப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பெட்ரோல் கணக்கே தவறு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகை விதிக்குப் பிறகு பெரும்பாலான பைக்குகள், பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும், பெட்ரோல் தெளிப்பு நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். பழைய கார்புரேட்டர் வண்டியில் கொஞ்சம் மிஞ்சலாம், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது பிரேக்குக்கு. நியூட்ரலில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது; 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க் கொதிக்கும். புது டாட் 4 ரகப் பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்கும்; ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 155 டிகிரிக்கே கொதிக்கலாம். கொதித்தால் உள்ளே ஆவி, லீவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரை வந்துவிடும். எனக்கு முன்னால் போன தம்பிக்கு அதுதான் நடந்தது. வளைவில் மலைப்பக்கச் சரிவில் ஏற்றி நிறுத்தினான். இறங்கியபோது அவன் கை நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது கியரில் இறங்குங்கள். வளைவுக்கு முன் பிரேக்கை லேசாகத் தொடுங்கள், பின்னால் வருபவருக்கு விளக்கு தெரியட்டும். மலையடிவாரத்துக் காரவள்ளி வரை அவசரம் இல்லை.